வெடிச் சத்தமும் வெண்கலத்தின் எடையும்

குத்துச்சண்டையில் இந்தியா இதுவரை பெற்றிருக்கும் ஒலிம்பிக் பதக்கங்கள் மூன்று. அவற்றுள் கடைசியாக வந்தது, அஸ்ஸாம் மாநிலம் கோலாகாட் மாவட்டத்துப் பரோமுகியா என்னும் சிற்றூரைச் சேர்ந்த லவ்லினா போர்கோஹெய்ன் 2021ஆம் ஆண்டு டோக்கியோவில் வெல்டர் எடைப் பிரிவில் வென்ற வெண்கலம். அந்தப் பதக்கத்தைப் பற்றி விளையாட்டு பேசும் வட்டாரங்களில் ஒரு தீர்ப்பு ஏறக்குறைய முடிந்த வழக்கைப் போல உலவுகிறது. முதல் சுற்றில் கையுறை மாட்டாமலே அடுத்த சுற்றுக்குப் போனவர், இரண்டே வெற்றிகளில் பதக்கத்தை உறுதி செய்துகொண்டவர், அரையிறுதியில் 0–5 என ஒரு நடுவரின் ஆதரவுகூட இல்லாமல் தோற்ற பிறகும் மேடை ஏறியவர், அதன் பிறகு 2023இல் உலகச் சாம்பியன் ஆனதும் சொந்த நாட்டில், பல நாடுகள் புறக்கணித்த போட்டியில்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். "தோற்றதற்குக் கொடுத்த பதக்கம்" என்று அதை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பவர்களும் உண்டு. இந்தத் தீர்ப்பில் அடுக்கப்படும் செய்திகளில் ஒன்றுகூடப் பொய் இல்லை என்பதே அதன் பலம். செய்திகள் சரியாக இருக்க, அவற்றைக் கூட்டிய கணக்கு மட்டும் தப்பாக இருப்பதால்தான் அதை மறுப்பது சற்று நீண்ட வேலையாகிறது.

இந்த மறுப்பைச் சிவகாசியில் நின்று எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கிரிக்கெட்டில் இந்தியா கோப்பை வென்ற இரவுகளில் நாடெங்கும் தெருக்களில் வெடிக்கும் பட்டாசில் பெரும்பங்கு இந்த ஊரையும் சுற்றியுள்ள விருதுநகர் மாவட்டத்துக் கிராமங்களையும் சேர்ந்த கைகள் செய்தது. ஒரு வெற்றி பெரியதா சிறியதா என்பதை அதற்காக வெடித்த பட்டாசின் சத்தத்தைக் கொண்டு தீர்மானிக்கும் பழக்கம் நாட்டுக்கு இருக்கலாம். சத்தத்தைச் செய்து விற்கும் ஊருக்கு அந்தப் பழக்கம் பொருந்தாது, ஏனெனில் சத்தம் எதனால் வருகிறது என்பது இங்கே தெரிந்த விஷயம். ('குட்டி ஜப்பான்' என்று பெயர் வாங்கிய ஊர், பெரிய ஜப்பானில் கிடைத்த ஒரு பதக்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவதில் குற்றமும் இல்லை.)

முதலில் 'வெல்டர்' என்ற சொல். குத்துச்சண்டையில் உயரமோ வயதோ பிரிவுகளைத் தீர்மானிப்பதில்லை, உடல் எடையே தீர்மானிக்கிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு மேல் வரம்பு உண்டு, வீரர் அந்த வரம்புக்குள் இருக்கிறார் என்பதைப் போட்டி நாளின் காலையில் தராசில் ஏறி நிரூபிக்க வேண்டும். இலகு எடைக்கும் நடுத்தர எடையாகிய மிடில் எடைக்கும் இடையில் வருவது வெல்டர். பணத்துக்காக ஆடும் தொழில்முறைக் குத்துச்சண்டையில் அதன் வரம்பு 147 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 66.7 கிலோ, டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 69 கிலோ. கனமான கையும் வேகமான காலும் ஒரே உடலில் சேர்ந்து இருக்கக்கூடிய எடை இது என்பதால், குத்துச்சண்டை வரலாற்றின் பெரும் பெயர்கள் பலவும் இந்தப் பிரிவில் குவிந்திருக்கின்றன. தராசில் சில கிராம் கூடினால் என்ன ஆகும் என்பதை 2024இல் பாரிஸில் வினேஷ் போகாட்டின் மல்யுத்த இறுதிப் போட்டி 100 கிராமில் கைநழுவிப் போனபோது நாடு கண்டது. பட்டாசு ஆலையின் மருந்து அறையை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இல்லை: வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பவுடரும் தராசில் ஏறும் இடத்தில் 'கொஞ்சம் கூடினால் என்ன' என்ற பேச்சுக்கே இடம் கிடையாது. எடை என்பது போட்டிக்கு முந்திய சடங்கு அன்று. போட்டியின் முதல் பாதியே அதுதான். இதை மனத்தில் இருத்தினால்தான் லவ்லினாவின் பிற்காலத் தோல்விகளும் வெற்றிகளும் புரியும்.

இனி 'இரண்டே வெற்றி' என்ற வாதம். போட்டியில் சேர்ந்தோர் எண்ணிக்கை முழு அட்டவணைக்குப் போதாதபோது சிலருக்கு எதிராளி இல்லாமல் அடுத்த சுற்றில் இடம் தரப்படும். இதற்குப் 'பை' என்று பெயர். குத்துச்சண்டையில் தோற்ற இருவரை மறுபடி மோதவிட்டு மூன்றாம் இடத்தைத் தீர்மானிக்கும் வழக்கமும் நெடுங்காலமாக இல்லை. தலையில் அடி வாங்கியவரை ஓரிரு நாளில் மீண்டும் களத்தில் இறக்குவது ஆபத்து என்பதால், அரையிறுதியில் தோற்கும் இருவருக்குமே வெண்கலம் தரப்படுகிறது. ஆகவே காலிறுதியை வென்றவருக்குப் பதக்கம் உறுதி. இது எல்லா நாட்டுக்கும் எல்லாப் பிரிவுக்கும் பொதுவான விதி. 2012இல் லண்டனில் மேரி கோம் 51 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றபோது, அந்தப் பிரிவில் ஆடியோர் பன்னிருவர்தான். அவரும் இரண்டு போட்டிகளை வென்றார், அரையிறுதியில் பிரிட்டனின் நிக்கோலா ஆடம்ஸிடம் தோற்றார், ஆடம்ஸே தங்கம் வென்றார். அந்தப் பதக்கத்தை யாரும் அதிர்ஷ்டம் என்று சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. அதே விதி, அதே கணக்கு, ஒன்பது ஆண்டு கழித்து இன்னொரு வடகிழக்குப் பெண்ணுக்குப் பொருந்தும்போது மட்டும் குறையாகிவிடுவது எப்படி என்பதற்கு அதிர்ஷ்ட வாதக்காரர்களிடம் விடை கிடையாது. மேரி கோமைப் பற்றித் திரைப்படம் வந்துவிட்டது என்பதைத் தவிர வேறு வேறுபாடு அகப்படவில்லை.

எண்ணிக்கையை விட்டு ஆட்களைப் பார்ப்பதே நேர்மை. டோக்கியோவில் லவ்லினாவின் முதல் எதிராளி ஜெர்மனியின் நாடின் அபெட்ஸ். உலகப் போட்டிகளில் இருமுறை வெண்கலம் வென்றவர், ஒலிம்பிக் குத்துச்சண்டைக்குத் தகுதி பெற்ற முதல் ஜெர்மானியப் பெண். அந்தப் போட்டி 3–2 என்று முடிந்தது. 'ஒரு நடுவர் மாறியிருந்தால் தோல்வி' என்பார்கள். உண்மைதான். ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2019இல் ரஷ்யாவின் உலான்-உடே நகரில் நடந்த உலகப் போட்டியின் அரையிறுதியில், சீனாவின் யாங் லியுவிடம் இதே லவ்லினா 2–3 என்று தோற்று இறுதிப் போட்டியை இழந்தபோது, 'ஒரு நடுவர் மாறியிருந்தால் வெற்றி' என்று யாரும் கணக்குப் போடவில்லை. ஒரு தட்டில் மட்டும் கல்லை வைக்கும் தராசு எந்தக் கடையிலும் செல்லாது.

காலிறுதியே இந்தப் பதக்கத்தின் உயிர். 2021 ஜூலை 30 அன்று எதிரே நின்றவர் தைவானின் சென் நியென்-சின்: 2018இல் புதுதில்லியில் இதே 69 கிலோ பிரிவில் உலகச் சாம்பியன் ஆனவர். அந்தப் புதுதில்லிப் போட்டியில் லவ்லினாவைத் தோற்கடித்து வெண்கலத்தோடு நிறுத்தியவரும் அவரே. மூன்று ஆண்டுக்கு முன் தன்னை வென்றவரை, உலகச் சாம்பியன் பட்டம் பெற்றிருந்தவரை, ஒலிம்பிக் மேடையில் 4–1 என்று வென்றார் லவ்லினா. குலுக்கலில் எளிய பாதை அமைந்தது என்று சொல்பவர்கள் இந்தப் பெயரை வசதியாக விட்டுவிடுகிறார்கள். இடைப்பட்ட காலத்தில் அவருக்குக் கொரோனா தொற்று வந்து, சக வீரர்களோடு இத்தாலிக்குப் பயிற்சிக்குப் போக முடியாமல் பின்தங்கினார் என்பதும், தாயின் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை அந்தக் காலத்தில்தான் நடந்தது என்பதும் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. பரிவைத் தூண்டும் அந்தச் செய்திகள் இல்லாமலே இந்த வாதம் நிற்கும்: வளையத்துக்குள் நடந்ததே போதுமான சாட்சி.

அடுத்து, மிகவும் தவறாகப் படிக்கப்படும் அந்த 0–5. கால்பந்தில் 0–5 என்றால் ஐந்து கோல் வாங்கியதாகப் பொருள்; குத்துச்சண்டையில் அப்படி அன்று. மூன்று நிமிடம் கொண்ட மூன்று சுற்றுகளையும் வளையத்தைச் சுற்றி அமர்ந்த ஐந்து நடுவர்கள் தனித்தனியே மதிப்பிடுகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் மேலோங்கியவருக்கு 10 புள்ளி, மற்றவருக்கு 9 அல்லது அதற்குக் குறைவு. மூன்று சுற்றின் கூட்டுத்தொகையில் ஒரு புள்ளி கூடினாலும் அந்த நடுவரின் ஓட்டு அந்தப் பக்கம் விழுகிறது. ஐந்து தொகுதியிலும் ஒரு கட்சி வென்றது என்று சொன்னால் எத்தனை ஓட்டு வித்தியாசத்தில் என்பது அதில் தெரியாததைப் போல, 0–5 என்பது காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதைச் சொல்லும், எவ்வளவு பலமாக அடித்தது என்பதைச் சொல்லாது. அன்றைய அரையிறுதியில் துருக்கியின் புசெனாஸ் சுர்மெனெலி தெளிவாக மேலோங்கியிருந்தார் என்பதை மறுக்க வேண்டியதில்லை. அவர் 2019இன் உலகச் சாம்பியன். அடுத்த போட்டியில் சீனாவின் கு ஹோங்கை வென்று ஒலிம்பிக் தங்கத்தையும் எடுத்துச் சென்றார். முன்னாள் உலகச் சாம்பியனை வென்று, நடப்பு உலகச் சாம்பியனிடம் தோற்ற ஒருவரின் பாதையை எளிய பாதை என்று அழைக்க, பாதை என்ற சொல்லுக்கே வேறு பொருள் தேட வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டில் இந்தத் தவறான பார்வைக்குத் துணையாக ஒரு தற்செயலும் சேர்ந்துகொண்டது. வடசென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைகளைப் பற்றிய 'சார்பட்டா பரம்பரை' திரைப்படம் 2021 ஜூலை 22 அன்று வெளிவந்தது. எட்டு நாள் கழித்து லவ்லினாவின் காலிறுதி. ஊரே குத்துச்சண்டை பேசிக்கொண்டிருந்த வாரம் அது, ஆனால் பேசப்பட்டது திரையின் குத்துச்சண்டை: அடி வாங்கித் தரையில் விழுந்தவன் எழுந்து, கடைசிச் சுற்றில் எதிரியைச் சாய்ப்பான், கூட்டம் குதிக்கும். சினிமாவுக்கு அது தேவை, அதில் பிழையில்லை. ஒலிம்பிக் குத்துச்சண்டையோ பெரும்பாலும் யாரும் சாயாமல் முடிவது. தூரத்தைக் காத்து, நேர்க்குத்தை நீட்டி, எதிராளி முன்னேறும் கணத்தில் எதிர்க்குத்து வைத்து விலகி, சுற்றுக்குச் சுற்று புள்ளி சேர்ப்பது. உயரமும் கை நீளமும் உள்ள லவ்லினாவின் ஆட்டம் முழுக்க இந்த வகை. தரையில் யாரும் விழவில்லை என்பதால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று எண்ணுபவர், சரவெடி வெடித்த அரை நிமிடத்தை மட்டும் பார்த்தவர்.

அந்தச் சரம் உருவான விதத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம். 2018இல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை விதிக்கும் வரை, இந்தப் பகுதியில் எத்தனையோ பெண்கள் தரையில் காலை நீட்டி அமர்ந்து சரம் பின்னினார்கள்: இடக்கையில் நூல், வலக்கையில் சிறு வெடி, அதன் திரியை நடுத்திரியோடு சேர்த்து ஒரு முடிச்சு, அடுத்தது, அடுத்தது. கண் வேறெங்கோ இருக்கும். விரல் எண்ணிக்கொண்டே போகும். கூலி நேரத்துக்கு அன்று, எண்ணிக்கைக்கு. ஒரு முடிச்சு தளர்ந்தால் சரம் பாதியில் நின்றுபோகும், ஆகவே வேகம் மட்டும் போதாது. மாலையில் கணக்கு எழுதும்போது அன்றைய எண்ணிக்கையை யாரும் அதிர்ஷ்டம் என்று சொல்லியதில்லை. புள்ளிக் குத்துச்சண்டை என்பது இந்த வகை வேலை; அதை வெடிச் சத்தத்தால் அளக்க முயல்வதே அதிர்ஷ்ட வாதத்தின் மூலப்பிழை.

எதிர்த்தரப்பின் கடைசி அரண் டோக்கியோவுக்குப் பிந்தைய ஆண்டுகள். 2022இல் இஸ்தான்புல் உலகப் போட்டியில் லவ்லினா மறுபடியும் சென் நியென்-சின்னை வென்றாலும், அடுத்த போட்டியிலேயே சிண்டி நகாம்பாவிடம் தோற்று வெளியேறினார்; அதே ஆண்டு பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியின் காலிறுதியில் வேல்ஸின் ரோசி எக்கிள்ஸிடம் 2–3 என்று தோற்றார். மோசமான ஆண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஆண்டில் நடந்த இன்னொன்றை இந்த வாதம் கணக்கில் எடுப்பதே இல்லை: அவர் பதக்கம் வென்ற எடைப் பிரிவே அப்போது இல்லாமல் போயிருந்தது. பெண்கள் குத்துச்சண்டை ஒலிம்பிக்கில் நுழைந்தது 2012இல், மூன்று பிரிவுகளோடு. டோக்கியோவில் அது ஐந்தாகி, 69 கிலோ முதன்முறையாகச் சேர்ந்தது. பாரிஸுக்கான பட்டியலில் ஆறு பிரிவுகள் இருந்தும் 69 இல்லை. கீழே 66, மேலே 75. உயரமான, ஏற்கெனவே வரம்பை ஒட்டி நிற்கும் உடலில் மேலும் மூன்று கிலோவைக் கரைப்பதா, ஆறு கிலோ கனமானவர்களோடு மோதுவதா என்ற கேள்வியோடுதான் 2022 கழிந்தது. அந்த ஆண்டின் இரு பெரும் போட்டிகளிலும் பாரிஸ் பட்டியலில் இல்லாத 70 கிலோவில் ஆடிவிட்டு, ஆண்டின் கடைசியில் அம்மானில் நடந்த ஆசியப் போட்டியில் 75 கிலோவில் இறங்கினார். தங்கம் வென்றார்.

எடை கூட்டி மேலே போவது எளிதன்று என்பதற்குத் தொழில்முறை வெல்டர் எடையின் மிகப் பெரிய பெயரே சான்று. சுகர் ரே ராபின்சன் 1943இல் தன்னைவிடக் கனமான ஜேக் லமோட்டாவிடம் தன் முதல் தொழில்முறைத் தோல்வியைச் சந்தித்தார். 1946இல் வெல்டர் உலகப் பட்டம் வென்று, 1951 பிப்ரவரியில் அதே லமோட்டாவை வீழ்த்தி மிடில் எடைப் பட்டத்தையும் எடுத்தார். அந்த முதல் தோல்வியை வைத்து அவரை எடை போட்ட வரலாற்றாசிரியர் எவரும் இல்லை.

2023 மார்ச்சில் புதுதில்லியில் வென்ற உலகத் தங்கத்தைப் பற்றிய குறை இரண்டு: சொந்த மண், புறக்கணிப்பு. ரஷ்ய வீரர்களை அனுமதித்ததற்காக அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட நாடுகள் அந்தப் போட்டிக்கு வரவில்லை என்பது உண்மை. ஆஸ்திரேலியாவின் கெய்ட்லின் பார்க்கரோடு நடந்த இறுதிப் போட்டி நெருக்கமாக இருந்து, மறுபரிசீலனைக்குப் பிறகு 5–2 என்று தீர்ந்ததும் உண்மை. இந்தக் குறைகளை எழுப்புவோர் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும்: அந்தப் போட்டியின் அரையிறுதியில் லவ்லினா 4–1 என்று வென்றது யாரை? சீனாவின் லி சியானை. 2016இல் ரியோவில் வெண்கலம், டோக்கியோவில் வெள்ளி, பின்னர் 2024இல் பாரிஸில் தங்கம் என 75 கிலோ பிரிவைத் தன் வீட்டு முற்றம் போல ஆண்டவர் அவர். வராதவர்களின் பெயரை எண்ணுவது எளிது. வந்தவர்களுள் இவரைவிடக் கடினமானவர் அந்தப் பிரிவில் இல்லை. அவரை வென்றவர், அந்தப் பிரிவுக்கு வந்து சில மாதமே ஆன முன்னாள் வெல்டர் எடைக்காரர்.

லி சியான் கணக்கைத் தீர்த்துக்கொண்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே ஆண்டு ஹாங்சோவில் ஆசிய விளையாட்டு இறுதியில் அவர் 5–0 என்று வெல்ல, லவ்லினாவுக்கு வெள்ளியும் பாரிஸ் ஒலிம்பிக் தகுதியும் கிடைத்தன. 2024 ஆகஸ்ட் 4 அன்று பாரிஸில் இருவரும் மறுபடி மோதினார்கள், இம்முறை காலிறுதியில்; 4–1 என்று லி சியான் வென்றார், தங்கம் வரை போனார். இங்கேதான் அதிர்ஷ்ட வாதம் தன் வாலைத் தானே கடிக்கிறது. டோக்கியோவிலும் பாரிஸிலும் லவ்லினா தோற்றது ஒவ்வொருவரிடம் மட்டுமே, இரண்டு முறையும் அவர்தான் ஒலிம்பிக் சாம்பியன். டோக்கியோவில் அந்தச் சாம்பியன் அரையிறுதியில் எதிர்ப்பட்டதால் பதக்கம். பாரிஸில் காலிறுதியிலேயே எதிர்ப்பட்டதால் வெறுங்கை. பாரிஸில் அந்தப் பிரிவின் வெண்கலங்கள் யாருக்குப் போயின? ஒன்று, லவ்லினா 2023 இறுதியில் வென்ற பார்க்கருக்கு. மற்றொன்று, அகதிகள் அணிக்கு வரலாற்றில் முதல் பதக்கத்தைத் தேடித் தந்த நகாம்பாவுக்கு. குலுக்கலின் கருணையை 2021இன் கணக்கில் எழுதுபவர்கள், குலுக்கலின் கொடுமையை 2024இன் கணக்கில் எழுத மறந்தால், அதற்குப் பெயர் விமர்சனம் அன்று.

இகழ்வோரை மட்டும் மறுத்தால் வேலை பாதிதான் முடியும். புகழ்வோரும் இந்தத் தவறில் பங்காளிகள். தந்தை இனிப்பு வாங்கி வந்த செய்தித்தாள் பொட்டலத்தில் முகமது அலியைப் பற்றிய கட்டுரை இருந்தது, அதைக் கேட்டுக் குழந்தை குத்துச்சண்டைக்குப் போனது, சேறாகக் கிடந்த ஊர்ச்சாலை அவர் டோக்கியோவில் ஆடிய நாட்களில் அவசரமாகச் செப்பனிடப்பட்டது என்ற கதைகள் அவரைப் பற்றிய ஒவ்வோர் எழுத்திலும் வருகின்றன. அவை உண்மை. என்றாலும் அந்தப் பொட்டலக் காகிதத்துக்கும் சென் நியென்-சின்னுக்கு எதிரான காலிறுதிக்கும் இடையே ஒரு நீண்ட உழைப்பு இருக்கிறது: மூத்த இரட்டைச் சகோதரிகளைப் பின்பற்றி, காலாலும் உதைக்கும் கிக் பாக்ஸிங்கில் தொடங்கியவர், 2012இல் பதும் போரோ என்னும் பயிற்சியாளர் கண்ணில் பட்டு, கால் பழக்கத்தைக் கையின் ஆட்டமாக மாற்றிக்கொள்ள எடுத்துக்கொண்ட ஆண்டுகள் அவை. ஏழ்மைக் கதை சொல்பவரும் அதிர்ஷ்டக் கதை சொல்பவரும் ஒரே இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறார்கள், அது வளையத்தின் உள்ளே. சிவகாசிக்கு இந்த அனுபவம் புதிதன்று. வெளியூர்க்காரருக்கு இந்த ஊரின் படம் இரண்டே: தீபாவளி இரவின் வாணவேடிக்கை, விபத்து நாளின் புகை. இரண்டுக்கும் நடுவே மருந்தை அளப்பவரின் கணக்கும், வெயில் பார்த்துக் காயவைப்பவரின் அனுபவமும், திரி வெட்டும் விரலின் ஒழுங்கும் எந்தப் படத்திலும் விழுவதில்லை.

பாரிஸில் வெல்டர் என்ற பெயர் 66 கிலோவுக்குப் போய்ச் சேர்ந்தது. பெண்களுக்கான 69 கிலோப் பிரிவு ஒலிம்பிக்கில் நடந்தது ஒரே ஒரு முறை, டோக்கியோவில். அந்தப் பிரிவில் ஒலிம்பிக் பதக்கம் பெற்றவர்கள் உலகம் முழுவதிலும் நால்வர்: துருக்கியின் சுர்மெனெலி, சீனாவின் கு ஹோங், அமெரிக்காவின் ஒஷே ஜோன்ஸ், பரோமுகியாவின் லவ்லினா போர்கோஹெய்ன்.